சாமைத் தவிட்டுக்குப் போன பிள்ளை

அழுது அடம்பிடிக்கிற பிள்ளையைப் பார்த்து, "உன்னத் தவிட்டுக்குத்தான் வாங்குனோம்" என்று கேலி செய்யாத வீடு எங்கள் பக்கம் கிடையாது. பிள்ளை இன்னும் கொஞ்சம் அழும், பெரியவர்கள் சிரிப்பார்கள், அத்தோடு முடிந்துபோகும். எங்கள் வீட்டில் மட்டும் அந்தக் கேலி செல்லாது. எங்கள் வீட்டுப் பெண் சின்னவளாக இருந்தபோது விருந்துக்கு வந்த ஒருவர் அப்படிச் சொல்லப்போய், அவள் நிதானமாக, "வாங்கல, வித்தாங்க" என்று திருத்தினாள். அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் ரசம் எடுத்து வரப் போய்விட்டேன். அவள் சொன்னது சரிதான். அதுவும் நெல் தவிடுகூட இல்லை, சாமைத் தவிடு.

அவள் ஜவ்வாது மலையில் பிறந்தாள், எண்பதுகளின் தொடக்கத்தில். அவளைப் பற்றிச் சொல்ல, அவளுக்கு முன் பிறந்தவனைச் சொல்லியாக வேண்டும். எனக்கு அதில் விருப்பமில்லை. ஆனாலும் அவனைத் தாண்டிப் போக வழியில்லை.

அவன் படவேட்டுப் பக்கம் என் அம்மா வீட்டில் பிறந்தான். நல்ல எடை, நல்ல குரல். பிறந்ததும் எங்கள் ஊர் வழக்கப்படி எல்லாம் நடந்தது. முதலில் மாரில் மஞ்சளாக, பிசுக்கென்று ஊறுகிறதே சீம்பால், அது பிள்ளைக்கு ஆகாது என்பார்கள். மாதக்கணக்கில் உள்ளே தங்கிக் கெட்டுப்போன பாலாம். அதைப் பீச்சி எடுத்து, எறும்பு மொய்க்காத இடமாகப் பார்த்துச் செடி வேரில் ஊற்றினார்கள். பிள்ளைக்குச் சர்க்கரைத் தண்ணீரைத் துணித்திரியில் நனைத்து வாயில் வைத்தார்கள். பெற்றவள் தண்ணீர் குடித்தால் வயிறு ஊதிப்போகும் என்று எனக்குச் சொம்பைக் கண்ணில் காட்டவில்லை, நாக்கு நனைய ஒரு வாய் மட்டும். அம்மா இதையெல்லாம் அப்படி ஒரு பாசத்தோடு செய்தாள். அதனால் பின்னாளில் அவள் மேல் கோபப்படக்கூட என்னால் முடியவில்லை.

பால் வருகிறதா, பால் வருகிறதா என்று வருகிறவர்களெல்லாம் கேட்டார்கள். வரவில்லை. குடிக்க விட்டால்தானே வரும்! அது அப்போது எனக்கும் தெரியாது. ஆட்டுப்பால் கொடுத்தார்கள், கழுதைப்பால் கொண்டுவந்து சங்கில் ஊற்றினார்கள். பையனுக்குப் பேதி பிடித்துக்கொண்டது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போய் ரோட்டில் பஸ்ஸுக்கு நின்றோம். பஸ் வந்தபோது நாங்கள் ஏறத் தேவை இருக்கவில்லை. நடத்துநர் விசில் ஊதினார், பஸ் போய்விட்டது.

மறுநாள் எனக்குப் பால் வந்தது.

எப்படி வந்தது தெரியுமா? ரவிக்கை, புடவை, பாய் எல்லாம் நனைந்து, மார் இரண்டும் கல்லாகி, கை வைத்தால் உயிர் போகிற வலியோடு வந்தது. பால் வற்றுவதற்கு மல்லிகைப்பூ வைத்துக் கட்டுவார்கள். ஊரிலிருந்த மல்லிகையெல்லாம் என் மாரில் வைத்துக் கட்டினார்கள். வீடு முழுக்கக் கல்யாண வீட்டு வாசனை. நான் அழவில்லை. எனக்கு அழுகை வரவில்லை, அவ்வளவுதான். அன்று உள்ளே மரத்துப்போனது, பிறகு சாப்பிட்டேன், தூங்கினேன், துணி துவைத்தேன், யாராவது சிரிக்கச் சொன்னால் சிரித்தேன். மரத்துப்போக ஊசி போட்ட இடத்தைத் தொட்டால் தொடுவது தெரியும், வலி தெரியாது. அப்படி இருந்தேன்.

அவருக்கு, என் வீட்டுக்காரருக்கு, மலைமேல் ஒரு உண்டு உறைவிடப் பள்ளியில் சமையல் வேலை. அவரோடு நானும் மேலே போனேன். பள்ளிக்குப் பக்கத்திலேயே ஒரு ஓட்டு வீடு. அங்கே இருக்கும்போதுதான் மறுபடியும் தலை முழுகாமல் போனது. ஐயோ என்றும் தோன்றவில்லை, அப்பாடா என்றும் தோன்றவில்லை. அவரிடம் சொன்னேன். அவர் அடுப்பில் இருந்த சாம்பாரை ஒரு கிண்டு கிண்டிவிட்டு, "சரி" என்றார். அவருக்கும் பயம் என்று இப்போது புரிகிறது.

பிள்ளைப்பேற்றுக்கு அம்மா வீட்டுக்குப் போவதில்லை என்று மாமியார் முடிவு செய்தார். "அந்த வூட்டு வாசப்படிய எமன் பாத்து வெச்சிருக்கான், அங்க வேணாம்" என்றார். கண்ணமங்கலத்தில் ரோட்டோரம் இட்லிக் கடை வைத்திருந்தவர் அவர். கடையை மூடிவிட்டு, ஒரு மூட்டை பூண்டும், கருவாடும், ஒரு டப்பா சர்க்கரையுமாக மலை ஏறி வந்துவிட்டார். சர்க்கரை டப்பாவைப் பார்த்தேன். 

வந்ததும் முதல் வேலையாக மாட்டுப்பாலுக்கு ஏற்பாடு செய்யக் கிளம்பினார். என் மாரை அவர் நம்பவில்லை. அந்த ஊரில் எல்லா வீட்டிலும் மாடு இருந்தது, கறக்கிற வழக்கம்தான் இல்லை. ஏருக்கும் எருவுக்கும்தான் மாடு. பால் கன்றுக்கு. பக்கத்து வீட்டு அக்காவிடம் போய்க் கேட்டபோது அவள் இவரை மேலும் கீழும் பார்த்தாள். "கன்னு குடிக்கறதுக்கு நாம எதுக்குங்க போட்டிக்குப் போவணும்?" என்றாள். மாமியார் திரும்பி வந்து என்னிடம், "இன்னா ஊருடி இது!" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

அந்த அக்கா மலை ஊர்க்காரி. சாமையும் கேழ்வரகும் பயிரிடுகிற குடும்பம், வீட்டுக்குப் பின்னால் சில புளியமரம். வரிசையாகப் பிள்ளைகள், கடைசிப் பையன் அப்போதும் மாரில் தொங்கிக்கொண்டிருந்தான். குரல் பெரிது, பேச்சு வெடுக்கென்று வரும், யாருக்கும் எதையும் விட்டுக்கொடுக்க மாட்டாள். ஒரு முருங்கைக்காயை இரவல் கொடுத்தால் மறுநாள் வந்து நின்று வாங்கிப் போவாள். ஆனால் அவள் பெற்றதில் ஒன்றுகூடத் தவறவில்லை. மாமியாரின் கண்ணுக்கு அது மட்டும்தான் பட்டது.

முதல் பிள்ளை தவறினால் அடுத்ததை விற்றுவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். பிறந்ததும் முறத்தில் போட்டுக் குப்பைமேட்டில் வைப்பார்கள். பிள்ளைகள் நிலைத்த ஒருத்தி வந்து, தவிட்டைக் கொடுத்துவிட்டுத் தூக்கிக்கொள்வாள். எமன் வந்து பார்த்தால், இந்த வீட்டில் பிள்ளையே இல்லை, இருக்கிறது வேறு ஒருத்தியுடையது என்று ஏமாந்து போய்விடுவான். வாங்கினவள் அடுத்த நிமிடமே பெற்றவளிடம் வளர்க்கச் சொல்லிக் கொடுத்துவிடுவாள். பிள்ளை தேறிய பிறகு ஒருநாள் தவிட்டைத் திருப்பிக் கொடுத்து மீட்டுக்கொள்ளலாம். அதுவரைக்கும் பெற்றவள் வாயால், 'என் பிள்ளை' என்று சொல்லக் கூடாது. சொன்னால் குட்டு உடைந்துவிடும்.

மாமியார் அந்த அக்காவைக் கூப்பிட்டுப் பேசினார். நான் அரிசி புடைத்துக்கொண்டே கேட்டேன்.

"பொறந்ததும் புள்ளய உனுக்கு வித்துடறோம்மா. ஒரு மொறம் தவிடு குடுத்து வாங்கிக்க. இன்னா சொல்ற?"

"தவிடு உங்களுக்கு இன்னாத்துக்குங்க ஆவும்? உங்ககிட்ட மாடுகூட இல்லியே."

"சாங்கியம்மா அது. எமனை ஏமாத்தறதுக்கு."

"சரி, வாங்கிக்கறேன். வாங்கறதுன்னா வாங்கறதுதானே?"

"ஆமாமா, வாங்கறதுதான்" என்றார் மாமியார். வியாபாரம் செய்தவர், வார்த்தையைக் கவனித்திருக்க வேண்டாமோ?

மழைநாளில் வலி வந்தது. பஸ் மேலே வரவில்லை. வீட்டிலேயே, மாமியாரும் அந்த அக்காவும் பிடிக்க, விடிகிற நேரத்தில் பெண் பிறந்தது. குளிப்பாட்டிப் பக்கத்தில் போட்டார்கள். நான் முகத்தைப் பார்க்கவில்லை, ஓட்டுக்கு மேலே மழைத் தண்ணீர் ஓடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். பாசம் பொங்கும், கண்ணில் நீர் வரும் என்றெல்லாம் சொல்வார்களே, ஒன்றும் வரவில்லை. பசித்தது. அதைத்தான் சொன்னேன்.

மழை விட்டதும் சாங்கியம் நடந்தது. மாமியார் முறத்தில் பிள்ளையைப் போட்டு எருக்குழி ஓரமாக வைத்தார். அக்கா சொன்னபடியே வந்தாள். கூடை நிறையச் சாமைத் தவிட்டைக் கொட்டினாள், பிள்ளையைத் தூக்கினாள், முந்தானையில் சுற்றிக்கொண்டாள், நேராகத் தன் வீட்டைப் பார்த்து நடந்தாள்.

"ஏம்மா! ஏம்மா! எங்க போற?" என்று மாமியார் பின்னால் ஓடினார்.

"எங்கூட்டுக்கு."

"புள்ளய இங்க குடுத்துட்டுப் போ!"

"வாங்கிட்டேனே! வாங்குன புள்ளய வித்தவ வூட்டுல வுட்டுட்டு யாராச்சும் போவாங்களா?"

 'இது சும்மா சாங்கியத்துக்குத்தான், பிள்ளை எங்களுடையதுதான்' என்று நடுத்தெருவில் நின்று சொன்னால், செய்த சாங்கியம் செத்தது. எமனுக்கு வேறு கேட்டுவிடும். மாமியார் திரும்பி வந்து எருக்குழியின் ஓரத்தில் காலி முறத்தோடு நின்றார். அக்கா வேண்டுமென்று செய்யவில்லை. அவர்கள் ஊரில் இப்படி ஒரு ஏமாற்று வித்தை கிடையாது. வாங்கு என்றார்கள், வாங்கினாள். வாசலில் கால் நீட்டி உட்கார்ந்து, தன் பையனை ஒரு பக்கம் தள்ளிவிட்டு, இந்தப் பிள்ளைக்கு மாரைக் கொடுத்ததை என் ஜன்னலிலிருந்து பார்த்தேன்.

"யார் பாலக் குடிக்குது பாத்தியா? நம்ம சனம் கேட்டா இன்னா சொல்லும்?" என்று மாமியார் புலம்பினார். எனக்கு அப்போது மிகவும் நிம்மதியாக இருந்தது. உள்ளதைச் சொல்கிறேன். பிள்ளை என் கையில் இல்லை. என் கையில் இல்லாத பிள்ளை என் கையால் சாகாது. புரண்டு படுத்துக் கண்ணை மூடிக்கொண்டேன்.

கொஞ்ச நேரம்தான். அன்று மத்தியானமே அக்கா பிள்ளையோடு வந்து நின்றாள். வந்ததும் சண்டைதான்.

"எம் பையனுக்குப் பல்லு மொளைச்சிருக்கு, கடிக்கிறான். ரெண்டு பேரு என்னைத் துன்னா நான் இன்னா ஆவறது? உனுக்கும் ஊறுமில்ல? எம் புள்ளைக்கு நீ பால் குடு. சும்மா வேணாம், கூலி குடுத்துடறேன்."

"சீம்பால் அது, ஆவாது! பீச்சித்தான் ஊத்தணும்" என்று மாமியார் குறுக்கே வந்தார். "நான் சர்க்கர தண்ணி கரைச்சு வெச்சிருக்கேன்."

"எம் புள்ளைக்குச் சர்க்கர தண்ணி வெக்க நீங்க யாருங்க?"

மாமியார் சர்க்கரைத் தண்ணீரோடு விலகிக்கொண்டார். விற்றவர் அவர்தானே.

அக்கா என்னை உட்கார வைத்தாள். நான் கூச்சத்தோடு காம்பின் நுனியைப் பிள்ளையின் வாயில் வைத்தேன். "அட, நுனியக் குடுத்தா இன்னா வரும்? அது வாயத் தொறக்கட்டும் இரு" என்று பிள்ளையின் பின்கழுத்தைப் பிடித்து, வாயை அது அகலத் திறந்த கணத்தில் அப்படியே மாரோடு அழுத்தினாள். மூட்டைக்குள் துணி திணிக்கிற மாதிரிதான் செய்தாள். வலித்தது. பிள்ளை இழுத்தது. மஞ்சளாக ஏதோ அதன் வாயோரத்தில் வழிந்தது. அக்கா விரலால் அதை எடுத்து மறுபடி அதன் வாயிலேயே வைத்தாள். அவளுக்கு எதுவும் வீணாகக் கூடாது.

பிறகு அதுதான் வேலையாகிப்போனது. அக்கா பிள்ளையைக் கொண்டுவருவாள், நான் கொடுப்பேன், தூக்கிப் போவாள். கொஞ்ச நேரத்தில் அது மறுபடி அழும், மறுபடி வருவாள். முதல் சில நாள் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. காம்பு வெடித்து ரத்தம் கசிந்தது. பல்லைக் கடித்துக்கொள்வேன். பிள்ளையின் முகத்தைப் பார்க்க மாட்டேன், சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்ப்பேன். கூலி வேலைக்கு மனசு எதற்கு? அடுத்தவள் பிள்ளை என்பதால் எனக்குப் பயமில்லை. பயமில்லாததால் கை நடுங்கவில்லை, உடம்பு இறுகவில்லை. களை எடுக்கப் போகிறவள் மாதிரி என் பாட்டுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

கூலியும் சரியாக வந்தது. ஒரு சட்டி நிறையச் சாமைக் கஞ்சி, தண்ணீராக, சூடாக. சில நாள் கொள்ளு வேகவைத்த தண்ணீரில் ரசம். மாமியார் முறைப்படி எனக்குத் தண்ணீரை அளந்துகொண்டிருந்தார், சொம்பைப் பரண்மேல் வைத்துவிட்டார். கஞ்சிச் சட்டியைக் கண்டதும் பாய்ந்து வந்தார்.

"பச்ச ஒடம்புக்காரிக்கு இவ்வளோ தண்ணியா? வவுறு ஊதிப்போவும்மா!"

"எங்கூட்டுக் கூலியாளுக்குக் கஞ்சி ஊத்தறதுக்கு உங்களக் கேக்கணுமா? இவ குடிக்கலன்னா நாளைக்கு வேல எப்புடி நடக்கும்?" என்று அக்கா நான் குடித்து முடிக்கும்வரை நகராமல் நிற்பாள். சட்டி அவளுடையது. திரும்பக் கொண்டுபோக வேண்டும்.

மாமியார் ஒருநாள் தோற்றுப்போய் உட்கார்ந்தார். "நான் விக்கச் சொன்னது எமன ஏமாத்தத்தான். இவ என்னைய ஏமாத்திட்டா" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. பையன் போனதற்குப் பிறகு தானாக வந்த முதல் சிரிப்பு அதுதான். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவர் நல்லவர்தான். முருங்கைக்கீரை பறித்துவந்து பூண்டு தட்டிப்போட்டு வதக்கிக் கொடுத்தார். சர்க்கரை டப்பாவை அவரே எடுத்துப் பள்ளிக்கூடத்துப் பாயசத்துக்குக் கொடுத்துவிட்டார்.

பால் எந்த நாளில் பெருகியது என்று தெரியாது. ஒரு நாள் பிள்ளை விழுங்குகிற சத்தம் கேட்டது, மடக் மடக்கென்று. இன்னொரு நாள் குடித்துக்கொண்டே இருந்து, வாயிலிருந்து காம்பு நழுவித் தூங்கிப்போனது. ஈரத்துணி நிறையச் சேர்கிறது என்று அக்கா அலுத்துக்கொண்டாள். "மூத்தரத்துணி தொவைச்சே கை போவுது" என்று அதையும் என் பக்கம் தள்ளிவிட்டாள். துவைத்துப் போட்டேன். கொடி முழுக்கத் துணி தொங்கியது. மாமியார் அதைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். நான் மரத்தே இருந்தேன். கைக்கு வந்த வேலையைக் கை செய்தது.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது, ஒருநாள் அக்கா வரவில்லை.

காலையில் வழக்கமாக வருகிற நேரம் தாண்டியது. அவள் வீடு பூட்டிக் கிடந்தது. காட்டுக்குப் போயிருப்பாள் என்று மாமியார் சொன்னார்.  வெயில் ஏறியது. மார் கனக்க ஆரம்பித்தது. உலை வைத்தேன், கீரை ஆய்ந்தேன். மார் கட்டிக்கொண்டது, கல் மாதிரி. குனிந்து அடுப்பை ஊதும்போது ரவிக்கை நனைந்தது. பிறகு புடவை நனைந்தது. ஈரம் வயிற்றில் இறங்கிய போது எனக்கு அது தெரிந்துவிட்டது. இந்த ஈரம் எனக்குத் தெரிந்த ஈரம். குடிக்க ஆளில்லாத போது வருகிற பால் இது. மல்லிகைப்பூ வாசனை அடித்தது. அந்த மலையில் அப்போது எங்கே மல்லிகை? ஆனாலும் அடித்தது.

செத்துப்போய்விட்டது என்று நினைத்தேன். எங்கேயோ தூக்கிப்போயிருக்கிறாள், புதைத்துவிட்டு வருவாள், அதனால்தான் சொல்லாமல் போனாள். பயந்துவிட்டேன். அப்படி ஒரு பயத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் பட்டதில்லை. மரத்துப்போன காலில் ரத்தம் ஓட ஆரம்பித்தால் முதலில் ஊசி குத்துமே, உடம்பு பூராவும் அப்படிக் குத்தியது.

தீட்டுக் கழியாதவள் வாசல் தாண்டக் கூடாது. தாண்டினேன். "ஏ பொண்ணு, எங்க ஓடற? ஒடம்பு இன்னாத்துக்கு ஆவறது?" என்று மாமியார் கத்துவது கேட்டது. வழியில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவரைக் கேட்டேன். ஓடைக்கு அந்தப் பக்கம் அக்காவின் தங்கை வீடு, அங்கே போனாள் என்றார். கையில் பிள்ளை இருந்ததா என்று கேட்க வாய் வரவில்லை. பச்சை உடம்போடு ஓடையில் இறங்கினேன். முழங்கால்வரை தண்ணீர். கரை ஏறும்போது எங்கோ ஒரு பிள்ளை அழும் சத்தம் கேட்டது. யார் பிள்ளை என்று எனக்குத் தெரியாது. என் மாருக்குத் தெரிந்துவிட்டது போல. இரண்டு பக்கமும் பீறிட்டுக்கொண்டு வந்தது.

தங்கை வீட்டு முற்றத்தில் அக்கா சாமை குத்திக்கொண்டிருந்தாள். உரலைச் சுற்றி உமியும் தவிடும். பக்கத்தில் மரக்கிளையில் தூளி. அழுகை தூளியிலிருந்து வந்தது. உயிரோடு, கோபத்தோடு, மூச்சுப் பிடித்து அழுதுகொண்டிருந்தது. அக்கா உலக்கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். முடி அவிழ்ந்து, முன்பக்கமெல்லாம் பாலில் நனைந்து, கீழெல்லாம் ஓடைத்தண்ணீரில் நனைந்து நின்றேன்.

"இன்னா புள்ள, இப்புடி வந்து நிக்கற? காலைல நான் பால் குடுத்துட்டுத்தான் வந்தேன். குத்தி முடிச்சுட்டு வரலாம்னு பாத்தா ஓடையில தண்ணி ஏறிடுச்சு, கொஞ்சம் வடியட்டும்னு இருந்தேன்."

'என் பிள்ளையைக் கொடு' என்பது என் நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. என் பிள்ளை, என் பிள்ளை, என் பிள்ளை என்று உள்ளே கத்திக்கொண்டிருந்தது. வாயைத் திறந்தேன். குட்டு உடைந்துவிடும். எமனுக்குக் கேட்டுவிடும். முதல் பையனை நான் எத்தனை தடவை என் பிள்ளை, என் பிள்ளை என்று கொஞ்சினேன்!

"உம் புள்ளைக்குப் பசிக்குதுக்கா. குடு" என்றேன்.

தூளியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். உரல் பக்கத்தில், தவிட்டின் மேலேயே உட்கார்ந்தேன். அது அகல வாயைத் திறந்து கவ்விக்கொண்டது. முதல் தடவையாகக் குனிந்து அதன் முகத்தைப் பார்த்தேன். காதில் மயிர். மூக்கு அவருடையது. பால் வேகம் தாங்காமல் இருமி, என்னை முறைத்துவிட்டு மறுபடி குடித்தது. நான் அழுதேன். அசிங்கமாக, மூக்கு ஒழுக, சத்தம் போட்டு அழுதேன்.  அக்கா கொஞ்ச நேரம் பார்த்தாள், பிறகு சாமையைக் குத்த ஆரம்பித்தாள்.

அதற்குப் பிறகு பிள்ளை பெரும்பாலும் என்னிடமே இருந்தது. அவளுக்கு வேலை இருந்தது, எனக்குப் பால் இருந்தது. ஆனால் கூலிச் சட்டி நிற்கவில்லை. மாமியார் பிள்ளை தேறியதைக் கண்டு கண்ணமங்கலம் போய்க் கடையைத் திறந்தார். அழுகை எனக்கு அன்றோடு நின்றுவிட்டது. மரத்தது முழுசாகப் போயிற்று என்று சொல்ல மாட்டேன். இப்போதும் ஒரு பக்கம் அப்படித்தான் இருக்கிறது. பழகிவிட்டது.

பிள்ளை நடக்க ஆரம்பித்த சமயம் என் வீட்டுக்காரருக்குத் திருப்பத்தூருக்கு மாற்றலானது. மாமியார் ஒரு பை நெல் தவிடு கொடுத்தனுப்பினார், மீட்டுக்கொண்டு வரச் சொல்லி. பையையும் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். வாசலில் அவள் மாடு கட்டியிருந்தது, கன்று பக்கத்தில். அக்கா உள்ளே இருந்து வருவதற்குள் பையை அவிழ்த்து மாட்டுக்கு முன்னால் கொட்டிவிட்டேன். அது ஆவலாகத் தின்றது.

வந்தவள் மாட்டைப் பார்த்தாள், காலிப் பையைப் பார்த்தாள். "புள்ளய மீட்டுக்கத் தவிடு அனுப்பறேன்னு உங்க அத்த சொல்லியிருந்துச்சே, இதானா? எங்கையில குடுத்தாத்தானே புள்ள உன்னுது?"

"கையில குடுக்க மாட்டேங்க்கா."

"ஏன்?"

"உன்னுதா இருக்கறதாலதான் இது உசுரோட இருக்குது."

அக்கா எதையும் விட்டுக்கொடுக்கிற பழக்கம் இல்லாதவள். அன்றைக்கு மட்டும், "அய்ய, நீ எடுத்துக்கோ புள்ள, பெத்தவ நீதானே" என்றாள், குரல் இறங்கி. நான் மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டேன். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய், ஒரு மூட்டைச் சாமையைத் தூக்கிவந்து என் காலடியில் போட்டாள். "இன்னும் பால் மறக்கலியே. கூலி குடுக்கணுமில்ல?" என்றாள்.

மாமியாரிடம் மீட்டாயிற்று என்று சொல்லிவிட்டேன். அவர் நம்பிக்கொண்டே போய்ச் சேர்ந்தார். எங்கள் வீட்டுப் பெண்ணுக்குப் பால் மறந்து, பள்ளிக்கூடம் போய், கல்யாணம் ஆகி, இரண்டு பிள்ளைகளும் ஆயிற்று. விவரம் தெரிந்ததும் கதையைச் சொல்லிவிட்டேன். அவள் சிரித்துக்கொண்டே போய் மலையில் இருப்பவளையும் அம்மா என்று கூப்பிட ஆரம்பித்தாள். அக்காவுக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை. ஆனாலும் அறுப்பு முடிந்ததும் யாரிடமாவது சாமை கொடுத்தனுப்பத் தவறுவதில்லை.

போன அறுப்பின்போது எங்கள் வீட்டில் ஒரு விசேஷம். புதிதாக உறவான ஒருவர் அவளைக் காட்டி, "இவங்க யாரு, உங்க பொண்ணா?" என்று என்னிடம் கேட்டார். நான் வழக்கம்போல, "எங்க வூட்டுப் பொண்ணு" என்றேன். எல்லோரும் போன பிறகு அவள் பாத்திரம் கழுவிக்கொண்டே திரும்பாமல் கேட்டாள்.

"ஏம்மா, ஒருநாளாச்சும் எம் பொண்ணுன்னு சொல்லேன். எனக்கு இன்னா ஆயிடப்போவுது இனிமே?"

முதுகுப் பக்கம்தான் எனக்குத் தெரிந்தது. முடியில் நரை விழுந்திருந்தது. நன்றாக, கெட்டியாக, உயிரோடு என் முன்னால் நின்றுகொண்டிருந்தாள்.

"உங்கம்மா சாமை அனுப்பியிருக்கா" என்றேன். "போவும்போது மறக்காம எடுத்துட்டுப் போ."